ரோபோ கிளப் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கல்லூரி ரோபோட்டிக்ஸ் கிளப்புக்கு இந்த வருடம் நான்தான் தலைவி. முதல் கூட்டத்துக்கு ஹால் நிறைய ஆள். இப்போது லேபுக்கு வருவது நான்கைந்து பேர். மற்றவர்கள் ஓ.டி. (வகுப்புக்குப் போகாமலே வருகைப்பதிவு) கிடைக்கும் நாளில் மட்டும் தலைகாட்டுகிறார்கள். என்ன செய்ய?
– மூன்றாமாண்டு இ.சி.இ. மாணவி, ஈரோடு

பதில்: அவர்கள் வந்த நாட்களில் என்ன செய்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் சீனியர் ஒருவர் சால்டரிங் அயர்னைப் பிடித்திருப்பார், இன்னொருவர் லேப்டாப்பில் கோட் அடித்திருப்பார், மற்றவர்கள் சுற்றி நின்று எட்டிப் பார்த்திருப்பார்கள். எட்டிப் பார்ப்பதற்காகக் கல்லூரி பஸ்ஸை விட்டுவிட்டு, டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக எந்தப் பையனுக்கு மனசு வரும்?

இரண்டு பேருக்கு ஒரு ஆர்டுயினோ போர்டு (கோட் ஏற்றி ரோபோவை இயக்கும் சிறு போர்டு), அதற்கு மேல் கூட்டம் வேண்டாம். முதல் நாள் எல்.இ.டி. மின்னட்டும், அப்புறம் மோட்டார் சுற்றட்டும். மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் டிரைவர் போர்டுக்குப் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்து யாராவது புகைய விட்டால் திட்டாதீர்கள். எல்298என் மாதிரி விலை குறைந்த போர்டு போனால் போகிறது, அந்தப் பையன் ஆயுசுக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்காமல் பேட்டரியைச் சொருக மாட்டான்.

கிளப்பிலேயே நன்றாகக் கோட் எழுதுபவர் நீங்கள்தான் என்றால் உங்களுக்குக் கஷ்டம் அதிகம். ஜூனியர் தடுமாறும்போது லேப்டாப்பைப் பிடுங்கி நீங்களே முடித்துவிடத் தோன்றும். கையைக் கட்டிக்கொள்ளுங்கள். பீரோ சாவி, ஸ்டாக் நோட்டு, ஹெச்.ஓ.டி.யிடம் அனுமதிக் கடிதம், இதெல்லாம்தான் தலைவி வேலை, சலிப்பாகத்தான் இருக்கும். எந்த பின்னில் எந்த ஒயர் என்று படம் வரைந்து, எழுதிய புரோகிராமோடு சேர்த்துப் பொது டிரைவில் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் நான்காமாண்டு அண்ணன் பிளேஸ்மென்ட் பக்கம் போகும்போது அவர் லேப்டாப்போடு கிளப்பும் போய்விடும்.

இன்னொன்று, எடுத்தவுடன் ஆசிய-பசிபிக் நாட்டுக் கல்லூரிகள் மோதும் ரோபோகான் என்று குதிக்காதீர்கள். 2002-ல் டோக்கியோவில் தொடங்கிய அந்தப் போட்டியில் வருடா வருடம் சவாலே மாறும், போன வருட ரோபோவைத் தூசி தட்டிக் கொண்டுபோக முடியாது. பக்கத்துக் கல்லூரி சிம்போசியத்தில் லைன் ஃபாலோயர் (தரையில் போட்ட கோட்டைப் பிடித்தே ஓடும் ரோபோ) ஓட்டுங்கள் முதலில்.

கேள்வி: அந்த லைன் ஃபாலோயர்தான் சார் பிரச்சினையே! லேபில் அழகாக ஓடுகிறது, போட்டியில் கோட்டை விட்டு ஓடுகிறது.
– இரண்டாமாண்டு மாணவர், திண்டுக்கல்

பதில்: கோட்டைப் பார்க்கும் ஐ.ஆர். (அகச்சிவப்பு) சென்சாருக்குச் சூரிய வெளிச்சம் ஆகாது, அதிலும் அகச்சிவப்பு இருக்கிறதே! லேபில் டியூப் லைட்டுக்குக் கீழே எடுத்த அளவை வைத்துக்கொண்டு, ஜன்னல் திறந்த அரங்கில் ஓட்டினால் அது வெள்ளையையும் கறுப்பையும் குழப்பிக்கொள்ளும். ரோபோவை ஓட்டும் முன் அந்த இடத்திலேயே கறுப்பு, வெள்ளை இரண்டின் மேலும் வைத்து அளவைப் புதிதாக எடுத்துவிடுங்கள். சென்சாரைச் சுற்றிக் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டினாலும் பாதி பிரச்சினை தீரும்.

மீதி, பேட்டரி. மூன்று செல் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) முழு சார்ஜில் 12.6 வோல்ட், இறங்க இறங்க 11 பக்கம் வந்துவிடும். இறங்கிய பேட்டரியில் பி.ஐ.டி. எண்களை (கோட்டிலிருந்து விலகினால் எவ்வளவு திரும்ப வேண்டும் என்று சொல்பவை) சரிசெய்துவிட்டு, போட்டியன்று ஃபுல் சார்ஜில் விட்டால் மோட்டார் வேகமெடுத்து வளைவில் வெளியேறத்தான் செய்யும். எந்த வோல்ட்டில் ஓட்டப் போகிறீர்களோ அதிலேயே பழக்குங்கள்.

கேள்வி: லேபை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். லிப்போ பேட்டரியை ஹாஸ்டல் அறையில் ராத்திரி சார்ஜ் போடலாமா?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: கூடாது. லிப்போ தீப்பிடித்தால் மெத்தை, போர்வை எல்லாம் சேர்ந்து எரியும், தூங்கிக்கொண்டிருப்பவருக்குத் தெரியவே தெரியாது. எல்லா செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜர் வைத்து, பகலில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் போடுங்கள். உப்பிய பேட்டரியைச் சார்ஜரில் மாட்டவே வேண்டாம். லேப் சாவி ஒரு மணி நேரம் கூடுதலாக வேண்டுமென்று இதையே காரணமாக எழுதி ஹெச்.ஓ.டி.யிடம் கொடுங்கள், மறுப்பது அவருக்கே சங்கடமாக இருக்கும்.