இரண்டு பிரிவுக்கும் சைலோசைபின் என்றால் எதை எங்கே பதிவது?

வணக்கம். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் 2021 மனச்சோர்வு ஆய்வில் இரு பிரிவினருக்கும் சைலோசைபின் (சில காளான்களில் உள்ள, மனநிலையை மாற்றும் பொருள்) கொடுத்திருக்கிறார்களே, ஆய்வுகளைத் தொகுக்கும் தரவுத்தளத்தில் எதை ஒப்பீட்டு மருந்தாகப் போடுவது என்று கேட்டிருந்தீர்கள். முதன்முறை படித்தபோது எனக்கும் தலை சுற்றியது.

அளவைப் பாருங்கள், புரிந்துவிடும். 30 பேருக்கு 25 மில்லிகிராம், மூன்று வார இடைவெளியில் இருமுறை. கூடவே ஆறு வாரம் தினமும் பிளசிபோ, அதாவது மருந்தில்லாத போலி மாத்திரை. மற்ற 29 பேருக்கு அதே இருமுறையும் வெறும் 1 மில்லிகிராம். தினசரி மாத்திரை எஸ்சிட்டலோபிராம், அதாவது வழக்கமான மனச்சோர்வு மருந்து. எல்லோருக்கும் சைலோசைபின் உண்டு, அளவு மட்டும் தெரியாது என்றால் எதிர்பார்ப்பு ஓரளவு சமமாக இருக்கும் அல்லவா? அதற்காக வைத்த 1 மில்லிகிராம் அது. ஆகவே ஒப்பீட்டு மருந்து எஸ்சிட்டலோபிராம்தான். அந்த 1 மில்லிகிராமைக் குறிப்பில் மறக்காமல் எழுதுங்கள்.

முடிவுக் கட்டத்தில்தான் சறுக்கல் வரும். முதன்மை அளவுகோலான கியூஐடிஎஸ் (மனச்சோர்வின் தீவிரத்தை அளக்கும் கேள்வித்தாள்) மதிப்பெண் ஆறாவது வாரத்தில் சைலோசைபின் பக்கம் 8 புள்ளி, எஸ்சிட்டலோபிராம் பக்கம் 6 புள்ளி குறைந்தது. பி மதிப்பு 0.17, அதாவது உறுதியான வித்தியாசம் இல்லை. துணை அளவுகோல்கள் பெரும்பாலும் சைலோசைபின் பக்கம் சாய்ந்தாலும், பல ஒப்பீடுகளுக்கான திருத்தம் (பலவற்றை ஒப்பிடும்போது தற்செயலாகத் தெரியும் வித்தியாசத்தைச் சரிக்கட்டும் கணக்கு) அங்கே செய்யப்படவில்லை. செய்தித் தலைப்பை நம்பி 'வென்றது' என்று போட்டுவிடாதீர்கள்.

அப்புறம், இந்த ஆய்வின் பதிவு எண் என்சிடி03429075. இதே ஆட்களில் சிலரை வைத்து 2022-இல் மூளை ஸ்கேன் கட்டுரையும் வந்தது. அதைத் தனி ஆய்வாகப் பதிந்தால் ஒரே ஆளை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். பழைய பதிவிலேயே இணையுங்கள்.