மூன்று முறை செய்தும் முடிவு ஒத்துவரவில்லை என்று கேட்டவருக்கு

பிரபலமான ஒரு கட்டுரையின் சோதனையை மூன்று முறை செய்தும் அதே முடிவு வரவில்லை, ஆய்வு வழிகாட்டியோ "உங்கள் கைத்தவறுதான், விட்டுவிடுங்கள்" என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன் எண்ணெய்த்துளிச் சோதனையில் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்து 1913இல் வெளியிட்டார். காற்றின் பாகுநிலைக்கு (துளியின் நகர்வைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்பதற்கு) அவர் எடுத்துக்கொண்ட எண் பிசகு. விடை சற்றுக் குறைந்துவிட்டது. பின்னால் அளந்தவர்கள் சரியான மதிப்புக்கு ஒரேயடியாக வரவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறினார்கள். மில்லிகனின் எண்ணைவிட அதிகமாக வந்தால் தங்கள் அளவீட்டில்தான் ஏதோ கோளாறு என்று தேடினார்கள் என்று இயற்பியலாளர் ஃபைன்மன் 1974இல் சொன்னார். இன்று உங்கள் மேல் விழுவதும் அதே அழுத்தம்தான்.

ஆனாலும் முதலில் உங்கள் பக்கத்தைச் சரிபாருங்கள். பிஎச் மீட்டரை (கரைசலின் அமிலத்தன்மையை அளக்கும் கருவியை) அளவுதிருத்தம் செய்யாமல் எனக்கு ஒருமுறை இரண்டு மாத உழைப்பு வீணானது. வேதிப்பொருள் புட்டியின் லாட் எண் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்பது), அறை வெப்பநிலை எல்லாவற்றையும் தேதியோடு நோட்டில் எழுதுங்கள் (பென்சில் வேண்டாம், பேனா). பிறகு அந்தக் கட்டுரையாசிரியருக்குப் பணிவாக ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அச்சில் வராத ஏதோ ஒரு சின்னப் படி அவரிடம் இருக்கலாம். வழிகாட்டியிடம் "அவர்கள் செய்தது தப்பு" என்று போகாதீர்கள். மூன்று வரைபடங்களையும் மேசையில் வைத்து, நான்காவது முறை இன்னொருவர் கையால் செய்து பார்க்க அனுமதி கேளுங்கள்.