கையெழுத்துக்கு மட்டுமா பெற்றோர்? பள்ளியும் அதிகாரமும்: கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி பக்கத்துப் பெற்றோர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, இப்போது பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர்களுக்கு வழிகாட்டி வருபவர் பதில் சொல்கிறார்.

டீச்சர், குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் மேலாண்மைக் குழுத் தலைவி நான். கூட்டத்துக்குப் போனால் தீர்மானத்தை முன்னாலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். "இங்கே ஒரு கையெழுத்து போடுங்கம்மா" என்பார்கள், போட்டுவிட்டு வருவேன். நான் எட்டாவது வரைதான் படித்தேன். ஏதாவது கேட்டால் என் பிள்ளையை ஒரு மாதிரி பார்ப்பார்களோ என்று பயமாகவும் இருக்கிறது.

அந்தப் பயம் நியாயமானது. அதைத் தள்ளிவிட்டு நான் பேச மாட்டேன். அதனால் முதல் வேலை, தனியாகக் கேட்காதீர்கள். குழுவில் உள்ள மற்ற அம்மாக்கள் இரண்டு மூன்று பேரிடம் முந்தின நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கேட்டால் அது அந்தப் பிள்ளையின் அம்மா கேட்டதாக இருக்கும். நாலு பேர் கேட்டால் அது குழு கேட்டது.

உங்கள் நாற்காலி யாரும் தயவு பண்ணிக் கொடுத்தது இல்லை. 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு, குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. பள்ளி எப்படி நடக்கிறது என்று கவனிப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வந்த மானியம் எப்படிச் செலவானது என்று பார்ப்பது, இவை குழுவின் வேலை. எட்டாவது படித்தவர் இதைச் செய்யக்கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை.

ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969-ல், மக்கள் பங்கேற்பை எட்டுப் படி உள்ள ஏணியாக வரைந்து காட்டினார். கீழ்ப்படிகளில் ஆட்களை உட்கார வைத்திருப்பார்கள், ஆனால் எதையும் முடிவு செய்ய விடமாட்டார்கள். நடுப்படிகளில் தகவல் சொல்வார்கள், கருத்தும் கேட்பார்கள், முடிவு மட்டும் அவர்களுடையது. மேலே மூன்று படிகளில்தான் அதிகாரம் உண்மையில் கைமாறுகிறது. எழுதி வைத்த தீர்மானத்தில் கையெழுத்து வாங்குவது கீழ்ப்படி.

அடுத்த கூட்டத்தில் கையெழுத்து போட மாட்டேன் என்று சொல்ல வேண்டாம். "வாசித்துக் காட்டுங்க சார், கேட்டுட்டுப் போடுறோம்" என்று மட்டும் சொல்லுங்கள். அப்புறம், போன கூட்டத்துத் தீர்மானம் என்ன ஆச்சு என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான். அதோடு, சீக்கிரம் பலன் கண்ணில் தெரியக்கூடிய ஒரு விஷயத்தை நீங்களே கொண்டுபோய்த் தீர்மானமாக்குங்கள். பெண் பிள்ளைகள் கழிப்பறையில் தண்ணீர் வருவது மாதிரி ஒன்று. புதுக் கட்டடம் வேண்டும் என்று ஆரம்பித்தால் வருஷக்கணக்கில் இழுக்கும், கூட வந்தவர்களும் சோர்ந்து போவார்கள். குழாயில் தண்ணீர் வந்த பிறகு பாருங்கள், வாயே திறக்காத அம்மாக்கள் பேசுவார்கள். ஆல்பர்ட் பாண்டூரா என்ற உளவியலாளர் 1977-லேயே இதை எழுதினார்: என்னால் முடியும் என்ற எண்ணத்துக்கு மிக வலுவான ஊற்று, தானே செய்து முடித்த அனுபவம். அடுத்தவர் ஊக்கப்படுத்திப் பேசுவது அதைவிடப் பலவீனமானது.

தலைமையாசிரியரை எதிரியாக நினைக்காதீர்கள். மேலே எழுதி எழுதிப் பதில் வராமல் களைத்துப் போன எச்எம்கள் நிறைய. குழுத் தீர்மானத்தோடு போகும் மனுவுக்குக் கனம் அதிகம் என்று அவர்களுக்கே தெரியும்.

தேவனாம்பட்டினத்தில் மீன்பிடித் தொழில் செய்கிறேன். பையன் ஒன்பதாவது. கணக்கு நோட்டைத் திறந்தாலே "எனக்கு வராதுப்பா" என்கிறான். சோம்பேறியா, இல்லை உண்மையிலேயே வரவில்லையா?

சோம்பல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள் அண்ணே. 1967-ல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இருவர் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். என்ன செய்தாலும் மின் அதிர்ச்சியை நிறுத்த முடியாமல் இருந்த நாய்களில் பெரும்பாலானவை, பிறகு தப்பிக்க வழி இருந்தபோதும் முயலவே இல்லை. கையாலாகாத்தனத்தை அவை கற்றுக்கொண்டன என்றுதான் ரொம்ப காலம் சொல்லி வந்தார்கள். 2016-ல் அதே இருவரும் தங்கள் விளக்கத்தைத் திருப்பிப் போட்டார்கள். தொடர்ந்து அடிபட்டால் ஒடுங்கிப் போவதுதான் இயல்பு, நம்மால் மாற்ற முடியும் என்பதைத்தான் கற்க வேண்டியிருக்கிறது என்றார்கள்.

எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. உங்கள் பையனிடம் புதிதாக எந்தக் குறையும் முளைக்கவில்லை. மாற்ற முடியும் என்ற அனுபவம் அவனுக்குக் கிடைக்கவில்லை. பெரும்பாலும் ஆறாவது ஏழாவதில் பின்னமோ குறை எண்ணோ எங்கோ விட்டுப்போயிருக்கும். கணக்கு ஆசிரியரிடம், "எந்த வகுப்புக் கணக்கு வரைக்கும் இவனே போடுகிறான்?" என்று கேளுங்கள். அங்கிருந்து தொடங்கட்டும். ஏழாவது கணக்கு போடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தானே போட்டு விடை சரியாக வந்தால், அடுத்ததைத் தொடுவான். பக்கத்து வீட்டுப் பையனோடு மட்டும் ஒப்பிடாதீர்கள்.

பண்ருட்டியில் மாலை வகுப்பு எடுக்கிறேன் மேடம். வீட்டுப்பாடம் முடித்தால் ஸ்டார், பத்து ஸ்டாருக்கு ஒரு பேனா. ஸ்டாரை நிறுத்தினால் பிள்ளைகள் நோட்டைத் தொட மாட்டேன் என்கிறார்கள்.

1973-ல் மார்க் லெப்பர் என்ற உளவியலாளரும் சகாக்களும் இதையே பார்த்தார்கள். படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள மழலைப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு வாங்கிய பிள்ளைகளின் ஆர்வம் குறையவில்லை.

ஆக, பரிசே விஷம் இல்லை. "இதைச் செய்தால் அது" என்ற பேரம்தான் கெடுக்கிறது. ஸ்டாரை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். ஐந்து கணக்கில் எந்த மூன்றை முதலில் போடுவது என்று அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற உளவியலாளர்கள் இருவரும் வகுத்த கோட்பாட்டின்படி மனிதருக்கு மூன்று தேவை: தானே தேர்வது, திறமை கூடுவதை உணர்வது, தன்மேல் அக்கறை உள்ளவர்களோடு இருப்பது. ஸ்டார் இந்த மூன்றில் எதையும் தருவதில்லை.

தனியார் பள்ளியில் மேலாண்மைக் குழு உண்டா?

அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21-வது பிரிவு பொருந்தாது. அங்கே பெற்றோர் ஆசிரியர் கழகம்தான் வழி. ஆனால் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் தடுக்கும் 17-வது பிரிவு தனியார் பள்ளிக்கும் உண்டு.

புதுச்சேரி, முதலியார்பேட்டை. அரசுப் பள்ளிகளை சிபிஎஸ்இக்கு மாற்றியபோது பெற்றோரை யார் கேட்டார்கள்?

உங்கள் ஆதங்கத்தில் நியாயம் இருக்கிறது. புதுச்சேரிக்கென்று தனிப் பாடத்திட்ட வாரியம் இருந்ததே இல்லை. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், மாஹே கேரளா, ஏனாம் ஆந்திரா என்றுதான் இருந்தது. 2023-24 கல்வியாண்டில் ஆறாம் வகுப்புக்கு மேலும் சிபிஎஸ்இ வந்தது. அதாவது பழைய பாடத்திட்டமானாலும் சரி, சிபிஎஸ்இ ஆனாலும் சரி, பாடத்தை முடிவு செய்தது வெளியே. இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள்: உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-ல்தான் நடந்தது. அதில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்த பின்னும் நீண்ட காலம் தேர்தல் இல்லை. வார்டில் போய்க் கேட்க ஆளில்லாத ஊரில் பள்ளி பற்றிய முடிவு மேலிருந்துதான் வரும். பாடத்திட்டத்தை உங்கள் பள்ளிக் குழுவால் மாற்ற முடியாது. ஆனால் ஆங்கிலத்துக்கு மாறித் தடுமாறும் பிள்ளைகளுக்குக் கூடுதல் வகுப்பு வேண்டும் என்று தீர்மானம் போட முடியும். அதை இந்த மாதமே செய்யலாம்.

நெய்வேலி, பத்தாவது முடித்திருக்கிறேன். எனக்கு வரலாறு பிடிக்கும். அப்பா ஃபர்ஸ்ட் குரூப்தான் என்கிறார். என் முடிவு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லையா மேடம்?

இருக்கிறது பாப்பா. ஆனால் தானே முடிவெடுப்பது என்றால் தனியாக முடிவெடுப்பது இல்லை. அப்பாவின் பயம் என்ன என்று முதலில் கேள். பெரும்பாலும் வேலை பற்றித்தான் இருக்கும். வரலாறு படித்தவர்கள் என்ன வேலைக்குப் போகிறார்கள், எந்தக் கல்லூரி, எவ்வளவு செலவு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு உட்கார். அழுது கேட்பதைவிட அந்தத் தாளுக்கு மதிப்பு அதிகம்.

கிள்ளை பக்கம் இருளர் குடியிருப்பில் மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். சாதிச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று சேர்க்கை தள்ளிப்போகிறது. பெற்றோரும் "நமக்கு எதுக்கு" என்கிறார்கள். தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை அழைக்கலாமா?

அழைக்க வேண்டாம் தம்பி. நம்பிக்கை குறைந்ததால் அவர்கள் ஒதுங்கவில்லை. போன இடத்திலெல்லாம் திருப்பி அனுப்பப்பட்டதால் ஒதுங்குகிறார்கள். 1966-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் நடந்த பெரிய ஆய்வில், கறுப்பினப் பிள்ளைகளின் தேர்ச்சியோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது, தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற எண்ணம். பள்ளிக் கட்டட வசதிக்குக்கூட அவ்வளவு தொடர்பு இல்லை. ஆனால் கதவு மூடியே இருக்கும்போது அந்த எண்ணத்தைப் பேச்சால் ஊட்ட முடியாது.

கதவைத் திறக்கச் சட்டம் இருக்கிறது. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவு. பள்ளியே போகாத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி தர வேண்டும் என்பது 4-வது பிரிவு. சாதிச் சான்றிதழ் உதவித்தொகைக்கு வேண்டும், ஆனால் அது வரும்வரை பிள்ளை வாசலில் நிற்க வேண்டியதில்லை. கோட்டாட்சியரிடம் அதற்குத் தனியாக மனு கொடுங்கள்.

உங்களுக்குப் பக்கத்திலேயே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். ஒதுக்கப்பட்ட மக்களுக்காக அதே மக்களிலிருந்து வந்த ஒருவர் எழுப்பிய பள்ளி அது. பெற்றோருக்கு அந்தக் கதையைச் சொல்லுங்கள். ஆனால் மனுவை நீங்கள் எழுதி நீங்களே கொண்டுபோகாதீர்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள், அவர்களே போய்க் கொடுக்கட்டும், நீங்கள் கூட நில்லுங்கள். ரசீது அவர்கள் கையில் இருக்கட்டும். பள்ளி மறுத்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். உங்கள் இடம் ஊராட்சி எல்லைக்குள் வந்தால் மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் இதைத் தீர்மானமாகப் பதியச் சொல்லலாம். அங்கே குடியிருப்பிலிருந்து ஒரு பெண் எழுந்து பேசினால் போதும், நீங்கள் பேச வேண்டாம்.