தாயை இழந்த நரிக்குட்டிகள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: புதர் ஓரத்தில் இரண்டு நரிக்குட்டிகள் தனியாகத் திரிகின்றன. தாயைக் காணோம். காப்பகத்தில் கொண்டுபோய் விடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். தாய் நரி குட்டிகளை விட்டுப் பல மணி நேரம் விலகியிருப்பது வழக்கம்தான். நான்கைந்து வாரமானதும் குட்டிகள் வளைக்கு வெளியே வந்து விளையாடத் தொடங்கும். கொழுகொழுவென்று துள்ளிக்கொண்டிருந்தால் நீங்கள் விலகிப் போய்விடுங்கள். பக்கத்தில் ஆள் நிற்கும்வரை தாய் வராது. கண் திறக்காத குட்டி வெளியே கிடப்பது, உடம்பு சில்லிட்டிருப்பது, ஈ மொய்ப்பது, அருகிலேயே தாய் செத்துக் கிடப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால்தான் தூக்க வேண்டும். தாய் போனாலும், இரை தின்னப் பழகிய குட்டிகளை அப்பன் நரியே இரை போட்டு வளர்ப்பதும் உண்டு.

கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ரேபிஸ் ஊசிக்குப் போங்கள். இன்னொன்று: பிறந்த செந்நரிக்குட்டி சிவப்பாக இருக்காது. சுமார் 100 கிராம் எடை, கரும்பழுப்பு ரோமம், கண் திறந்தால் நீலம். பூனைக்குட்டி, நாய்க்குட்டி என்று நினைத்து வீட்டுக்குத் தூக்கிப்போகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். வால் நுனியில் வெள்ளை இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: பசும்பாலில் தண்ணீர் கலந்து கொடுக்கலாமா?

பதில்: வயிற்றுப்போக்கில் போய்விடும். நாய்க்குட்டிகளுக்கென்று விற்கும் பால்பவுடர்தான் சரி. அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: குட்டியைச் சூடாக்குவது. சில்லிட்ட குட்டிக்குப் பால் செரிக்காது, வயிறு உப்பிவிடும். துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள்; சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர்ந்துகொள்ளட்டும். வாய்க்குள் விரல் விட்டால் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். அதன் பிறகு முதல் வேளைக்கு எலக்ட்ரோலைட் கரைசல், அடுத்த வேளையிலிருந்து பால்.

உடல் எடையில் கிலோவுக்கு 40 மி.லி. என்பது ஒரு வேளைக் கணக்கு. 200 கிராம் குட்டிக்கு 8 மி.லி. போதும். கண் திறக்கும்வரை, அதாவது இரண்டு வாரம் வரை, இரவிலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்துப் புகட்டுவதுதான் பெரிய தப்பு. பால் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும். குப்புறப் படுத்திருக்கும்போதே கொடுங்கள். மூக்கு வழியாகப் பால் குமிழியிட்டால் உடனே நிறுத்துங்கள். ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே தடவிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த வயதில் சிறுநீர் கழிக்கத் தெரியாது. தினமும் ஒரே நேரத்தில் கிராம் தராசில் எடை போடுங்கள். எடை ஏறாமல் நிற்பதுதான் நோயின் முதல் அறிகுறி.

நான்காவது வாரத்தில் இறைச்சி தொடங்கலாம். எலும்பில்லாத இறைச்சியே கொடுத்தால் கால்சியம் குறைந்து கால் வளையும், குதித்தாலே எலும்பு முறியும். எலும்போடும் தோலோடும் முழு இரையாகக் கொடுப்பது நல்லது. பச்சை மீன் வேண்டாம்; சில மீன்களில் உள்ள நொதி தயமின் என்ற வைட்டமினை அழித்துவிடும். 1930களில் நரிப் பண்ணைகளில் நரிகள் இதனால் வாதம் வந்து செத்தன.

கேள்வி: குட்டிகள் ஒன்றையொன்று கடித்துக் குதறுகின்றன. பிரித்துவிடலாமா?

பதில்: பிரிக்காதீர்கள். மூத்தவன் யார் என்று முடிவாகும்வரை அப்படித்தான். சாப்பாட்டை ஒரே தட்டில் வைக்காமல் நான்கைந்து இடத்தில் வையுங்கள். ரத்தம் நிற்காத காயம் பட்ட குட்டியை மட்டும் ஆறும்வரை தனியே வைத்தால் போதும்.

கேள்வி: கூண்டுக்கு எவ்வளவு உயரம் வேண்டும்?

பதில்: உயரத்தை விட அடிப்பக்கம்தான் முக்கியம். நரி வேலியின் காலடியிலேயே தோண்டும். இரண்டடி பின்னால் வந்து தோண்டத் தோன்றாது. அதனால் வேலிக்கு உட்புறம் ஒரு மீட்டர் அகலத்துக்குக் கம்பிவலையைத் தரையோடு படுக்கவைத்து, வேலியோடு சேர்த்துக் கட்டி, மேலே மண் மூடுங்கள். உயரம் 2 மீட்டர், மேல்முனை உள்பக்கமாகச் சாய்ந்திருக்கட்டும். கூரையும் போட்டால் நிம்மதி, நரி நன்றாகவே ஏறும். கோழிக்கூண்டு வலை ஆகாது, பல்லால் பிய்த்துவிடும். பற்றவைத்த கம்பிவலைதான் வேண்டும். வாசலுக்கு இரண்டு கதவு: ஒன்றை மூடிய பிறகே மற்றதைத் திறக்க வேண்டும்.

கேள்வி: கையிலேயே வளர்த்தால் நாய் மாதிரிப் பழகிவிடும்தானே?

பதில்: பயம் போகும், காட்டுக்குணம் போகாது. 1959இல் ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க்கில் மரபியல் அறிஞர் பெல்யாயெவ் தொடங்கிய ஆய்வில் வெள்ளிநரிகள் சாதுவானது, தலைமுறை தலைமுறையாகச் சாதுவானவற்றை மட்டும் இணைசேர்த்ததால்தான். ஒரு குட்டியைக் கொஞ்சி வளர்ப்பதால் அது நடக்காது. மனிதனைக் கண்டு ஓடாத நரியைத் திரும்பவும் காட்டில் விட முடியாது. ஆகவே பால் மறந்ததும் தொடுவது, பேசுவது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது எல்லாம் நிற்க வேண்டும். நாயைக் கண்ணில் காட்டாதீர்கள். ஒற்றைக் குட்டி வந்தால், ஒத்த வயதுக் குட்டிகள் உள்ள காப்பகத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஐந்தாறு மாதத்தில் கூட்டாக விடுவிக்கலாம். பார்வை இழந்தவையும் மனிதனோடு ஒட்டிவிட்டவையும் மட்டுமே ஆயுள் முழுக்கக் காப்பகத்தில் இருக்க வேண்டியவை.

கேள்வி: எவ்வளவு கழுவினாலும் கூண்டில் நாற்றம் போகவில்லையே?

பதில்: கழுவுவதால்தான் போகவில்லை. தன் வாடை காணாமல் போனால் நரி மறுபடி மறுபடி சிறுநீர் விட்டு அடையாளம் வைக்கும். இன்று பாதித் தரை, நாளை மறுபாதி என்று கழுவுங்கள். மூலைகளில் மண்ணைக் கிளறியும் பாருங்கள். மிஞ்சிய இறைச்சியைப் புதைத்து வைத்திருக்கும்.