‘அப்போ நம்ம கிளாஸ்ல கேமரா எதுக்கு, மிஸ்?’

கேள்வி: பெரம்பூரில் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். ஆறு பீரியட் ஒதுக்கி, ஒரு டிஸ்டோபியா நாவல் (மோசமான எதிர்கால உலகத்தைக் கற்பனை செய்யும் கதை) மூலமாகத் தனிமனித சுதந்திரம் பற்றிப் பேச வைக்க நினைத்தேன். ஆளும் கட்சி மக்களை ஓயாமல் கண்காணிக்கும் ஒரு நாட்டைப் பற்றிய ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’-ஐத் தொடங்கினேன். பாதிப் பேருக்கு அது ஏதோ வெளிநாட்டுக் கதை. ஒரு மாணவன் மட்டும், ‘அப்போ நம்ம கிளாஸ்ல கேமரா எதுக்கு, மிஸ்?’ என்று கேட்டான். என்ன சொல்வதென்று தெரியாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். இனி எப்படித் தொடர்வது?

பதில்: அந்தக் கேள்விக்கே திரும்பிப் போங்கள். ‘அன்றைக்கு நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை’ என்று வகுப்பின் முன்னால் சொல்லித் தொடங்குங்கள். கேள்வி கேட்டால் பதில் வரும் என்பதைப் பிள்ளைகள் நேரில் பார்க்கட்டும். சுதந்திரத்தைப் பற்றி நாம் நடத்தும் எந்தப் பாடமும் அதற்கு ஈடாகாது.

நாவலின் நாயகன் வின்ஸ்டன் வீட்டில் டெலிஸ்கிரீன் என்ற திரை இருக்கும், அது ஆளைப் பார்க்கவும் கேட்கவும் செய்யும். அதன் சத்தத்தைக் குறைக்கலாம், அணைக்க முடியாது. யார், எப்போது பார்க்கிறார்கள் என்று தெரியாது. அதைப் பற்றிக் கேள்வி கேட்கவும் வழியில்லை. இந்த மூன்றையும் கரும்பலகையில் எழுதி, வகுப்பறைக் கேமராவோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பதிவை யார் பார்க்கிறார்கள்? எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள்? பேச்சும் பதிவாகிறதா? தெரியாததை எல்லாம் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதமாக அவர்களே எழுதட்டும். அவரிடம் நீங்கள் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இல்லையென்றால் புகார் கொடுப்பது போல ஆகிவிடும்.

கேமரா வேண்டும் என்பவர்களும் இருப்பார்கள். தெருக்களில் கேமரா வைக்கும் சென்னை போலீஸின் ‘மூன்றாவது கண்’ திட்டம் அவர்களுக்குத் தெரிந்ததுதான். கேமரா இருக்கிற தெரு வழியாகத்தான் டியூஷனிலிருந்து பயமில்லாமல் வருகிறேன் என்று ஒரு பெண் சொன்னால், அதை மறுக்க அவசரப்படாதீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்துக் கொடுங்கள்: கண்காணிப்பதற்குச் சட்டம் இருக்கிறதா, நோக்கம் நியாயமானதா, தேவைக்கு மேல் போகிறதா? விவாதம் சூடாகவும் இருக்கும், சண்டையாகவும் மாறாது.

வெளிநாட்டுக் கதை என்பவர்களிடம் 1975 நெருக்கடி நிலையைச் சொல்லுங்கள். தணிக்கையைக் கண்டித்து இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கம் இருக்க வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு அச்சிட்டது. அது போதும்.

நான் விடாமல் செய்கிற பயிற்சி ஒன்று உண்டு. நாவலில் கட்சி வருடா வருடம் அகராதியைச் சுருக்கிக்கொண்டே போகும். சொல் போனால் அந்த நினைப்பும் போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. நான் மாணவர்களிடமிருந்து மூன்றே சொற்களைப் பிடுங்குவேன்: ‘ஏன்’, ‘ஆனால்’, ‘மாட்டேன்’. இவை இல்லாமல், டூருக்கு அனுப்ப மறுக்கும் அப்பாவிடம் பேசுவது போலப் பத்து வரி எழுத வேண்டும், தமிழிலேயே. ஆங்கில வகுப்பாயிற்றே என்று பார்க்காதீர்கள், சொந்த மொழியில்தான் அந்த இழப்பு உறைக்கும். ஒருமுறை ஒரு மாணவி நாலு வரியிலேயே பேனாவை மூடி வைத்துவிட்டாள். “மீதி எல்லாம் ‘சரிப்பா, சரிப்பா’ன்னுதான் வருது, மிஸ்” என்றாள். கொஞ்ச நேரம் வகுப்பில் யாரும் பேசவில்லை. அப்புறம் பின்வரிசையிலிருந்து ஒரு பையன், “எங்க வீட்ல இப்பவே அப்படித்தான்” என்றான். அதற்குப் பிறகு யாரும் வெளிநாட்டுக் கதை என்று சொல்லவில்லை.

இன்னொன்று. ரூல்ஸ் இல்லாததுதான் சுதந்திரம் என்று நிறையப் பேர் சொல்வார்கள். முதல் அத்தியாயத்தில் வின்ஸ்டன் டைரியைத் திறக்கும் இடத்தை அப்போது வாசியுங்கள். டைரி எழுதுவது சட்டவிரோதம் இல்லை, ஏனென்றால் அங்கே சட்டமே கிடையாது. ஆனாலும் பிடிபட்டால் மரணம், அல்லது குறைந்தது 25 வருடம் கட்டாய உழைப்பு முகாம். பேச்சுச் சுதந்திரம் போன்ற உரிமைகளையும் அவற்றின் வரம்புகளையும் சொல்லும் நம் அரசியல் சாசனத்தின் 19-ஆவது பிரிவை அதன் பக்கத்தில் வைத்துப் படித்தால், எழுதி வைத்த சட்டம் எதற்கு என்று அவர்களுக்கே விளங்கும்.

முழு நாவலையும் நடத்த வேண்டாம். பிற்பகுதியில் வரும் சித்திரவதை இந்த வயதுக்கு அதிகம். முதல் பகுதியே ஆறு பீரியடுக்குத் தாராளமாகப் போதும்.

கடைசி பீரியடில் வின்ஸ்டனைப் போல அவர்களும் ஒரு பக்கம் டைரி எழுதட்டும். அந்தப் பக்கத்தை நீங்கள் வாங்கிப் பார்க்கப் போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பார்க்கவும் பார்க்காதீர்கள்.