அயர்லாந்தில் வீட்டுத் தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

அயர்லாந்தில் குடியிருக்கும் வாசகர்கள் வீட்டுத் தோட்டம் குறித்து எழுதிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன்.

கேள்வி: வீட்டின் பின்புறம் சுமார் 40 சதுர மீட்டர் புல்தரை இருக்கிறது. களிமண் நிலம், குளிர்காலம் முழுவதும் நீர் தேங்கி நிற்கிறது. சென்ற ஆண்டு தக்காளி, கத்தரி, வெண்டை மூன்றையும் வெளியில் நட்டேன், ஒன்றும் தேறவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு வாசகி, கில்டேர்

பதில்: உங்கள் கையில் குறை எதுவும் இல்லை, அம்மா, பயிர்த் தேர்வுதான் பிழை. அயர்லாந்தில் ஜூலை மாதத்தின் சராசரி வெப்பநிலையே 15, 16 டிகிரி செல்சியஸ் அளவில்தான் இருக்கும். அந்தக் குளிர்ச்சியில் வெண்டை முளைப்பதற்கே தயங்கும். அதே குளிர்ச்சியும் ஓயாத சாரலும் கேல் கீரை, முட்டைக்கோஸ், லீக், பட்டாணி, அகன்ற அவரை, சார்ட் கீரை, முள்ளங்கி, பீட்ரூட் ஆகியவற்றுக்கு வரமாக அமைகின்றன. கேல் கீரையைப் பொடியாக நறுக்கிப் பருப்பும் தேங்காயும் சேர்த்துப் பொரியல் செய்து பாருங்கள். முருங்கைக் கீரைக்கு ஏங்கும் மனத்தைப் பெருமளவு ஆற்றும். பனி பட்டபின் அதன் இலை இனிப்பதால், டிசம்பரிலும் தோட்டத்திலிருந்து பறித்துச் சமைக்கலாம்.

நீர் தேங்கும் நிலத்துக்கு மேட்டுப்பாத்திதான் தீர்வு. ஈரக் களிமண்ணைக் கொத்தினால் அது இறுகிக் கட்டியாகிவிடும் என்பதால், மண்வெட்டியை வைத்துவிட்டு, புல்லின் மேல் அச்சு மையில்லாத அட்டைகளை விரித்து, அவற்றின் மேல் 15 சென்டிமீட்டர் உயரத்துக்கு மக்கிய உரத்தைப் பரப்புங்கள். பாத்தியின் அகலம் 1.2 மீட்டருக்கு மேல் வேண்டாம். இரு பக்கமும் நின்று கைக்கு எட்டும்படி இருந்தால் பாத்திக்குள் கால் வைக்க நேராது. இலையுதிர் காலத்தில் இதைச் செய்துவிட்டால் வசந்தத்துக்குள் புல் மடிந்து, மண்புழுக்கள் கீழிருந்து வேலையைத் தொடங்கியிருக்கும்.

இந்நாட்டின் ஏழை உழவர்கள் இதே உத்தியைப் பல தலைமுறைகளாகக் கையாண்டவர்கள். இருபுறத்துப் புல்தரையையும் பெயர்த்து நடுவில் மடித்துப் போட்டு, உரத்தையும் விதைக்கிழங்கையும் அந்த மடிப்புக்குள் வைத்து வரப்பு எழுப்பினார்கள். மேற்குக் கரையின் மலைச்சரிவுகளில் அந்த வரப்புகளின் தடம் இன்றும் தெரிகிறது. ஆங்கிலத்தில் இதற்குச் ‘சோம்பேறிப் பாத்தி’ என்று பொருள்படும் பெயர் வழங்குவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் உண்டாகிறது. ஏர் ஏற முடியாத சதுப்புச் சரிவை முதுகு ஒடிய உழைத்து விளைநிலமாக்கியவர்களுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

கேள்வி: ஜூலை மாதத்தில் உருளைக்கிழங்குச் செடியின் இலைகளில் பழுப்புத் திட்டுகள் தோன்றின, ஒரே வாரத்தில் செடிகள் முழுவதும் கருகி நாற்றமெடுத்தன. இரசாயன மருந்து தெளிக்க எனக்கு விருப்பமில்லை. அடுத்த ஆண்டாவது கிழங்கைக் காப்பாற்ற வழி உண்டா?
— ஒரு வாசகர், கால்வே

பதில்: உங்கள் தோட்டத்துக்கு வந்தது பின்பருவக் கருகல் நோய்; ஊட்டியில் உருளை பயிரிடுவோருக்கும் நன்கு தெரிந்த நோய்தான். 1845-இல் அயர்லாந்துக்குள் நுழைந்து பெரும்பஞ்சத்துக்குக் காரணமானதும் இதுவே. அன்று ஏழை மக்கள் ‘லம்பர்’ என்ற ஒரே இரகத்தை நாடு முழுவதும் நட்டு, அதை மட்டுமே நம்பி உயிர் வாழ்ந்தார்கள். கிழங்கின் துண்டையே மீண்டும் மீண்டும் நடுவதால் எல்லாச் செடிகளும் ஒரே செடியின் நகல்களாக இருந்தன. ஒன்றை வீழ்த்திய நோய் எல்லாவற்றையும் வீழ்த்தியது. சுமார் 10 இலட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டார்கள். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினார்கள். 1841 கணக்கெடுப்பில் 80 இலட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 1851-இல் சுமார் 65 இலட்சமாகக் குறைந்திருந்தது. நோய் மட்டுமே இத்தனை உயிர்களைக் கொண்டுபோனதாகச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. பஞ்ச காலத்திலும் இந்த மண்ணில் விளைந்த தானியம் கப்பலில் வெளியேறியது என்பதையும், சிறு துண்டு நிலங்களில் குத்தகைக்காரர்கள் பலர் முடக்கப்பட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். உங்கள் பாத்தியில் ஒரே இரகத்தை நடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதும் இதனால்தான்.

முதல் வழி, நோய் வலுப்பதற்கு முன் அறுவடையை முடித்துவிடுவது. முன்பருவ இரகங்களின் விதைக்கிழங்கைப் பிப்ரவரியில் முட்டைத் தட்டில் அடுக்கி, வெளிச்சமுள்ள குளிர்ந்த இடத்தில் முளைகட்ட விடுங்கள். புனித பேட்ரிக் திருநாளான மார்ச் 17-ஐ ஒட்டி அவற்றை நடுவது இங்குள்ள நெடுநாள் வழக்கம். செடிக்குச் செடி 30 சென்டிமீட்டரும் வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டரும் இடைவெளி விட்டு, செடி வளர வளர மண் அணைத்து வந்தால் ஜூன் இறுதியில் கிழங்கு தோண்டலாம்.

இரண்டாவது வழி, ஏப்ரலில் நடும் முதன்மைப் பருவத்துக்கு நோயைத் தாங்கும் இரகத்தைத் தேர்ந்தெடுப்பது. கார்லோ மாவட்டத்தின் ஓக் பார்க் ஆய்வு நிலையத்தில் உருவான ‘செட்டான்டா’, ஹங்கேரியை மூலமாகக் கொண்ட ‘சார்போ மீரா’ இரண்டும் வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றவை. கடைகளில் எங்கும் கிடைக்கும் ‘ரூஸ்டர்’ கிழங்கும் ஓக் பார்க்கில் பிறந்ததுதான். சுவையில் குறைவில்லை என்றாலும் மருந்தின்றி வளர்ப்பதற்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

வெப்பநிலை 10 டிகிரிக்கும் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கும் குறையாமல் 12 மணி நேரம் தொடர்ந்து, இலையும் நனைந்தே இருந்தால் நோய் பரவும். அத்தகைய நாட்களை முன்கூட்டிக் கணித்து அயர்லாந்து வானிலை நிறுவனமான ‘மெட் ஏரன்’ கோடை மாதங்களில் கருகல் எச்சரிக்கை விடுக்கிறது. அதைத் தவறாமல் கவனியுங்கள். திட்டுகள் பரவத் தொடங்கியதும் தயக்கமின்றித் தண்டுகளைத் தரையோடு அறுத்து அகற்றிவிட்டு, இரண்டு மூன்று வாரம் பொறுத்துக் கிழங்கைத் தோண்டுங்கள். அதற்குள் மண்ணின் மேல் உதிர்ந்த நோய்வித்துகள் பெரும்பாலும் மடிந்துவிடும்; கிழங்கின் தோலும் முற்றும். ஒரு சிறு கிழங்கைக்கூட மண்ணில் விட்டுவைக்க வேண்டாம். நோய் அதற்குள் தங்கியே குளிர்காலத்தைக் கடக்கிறது. அதே பாத்தியில் மீண்டும் உருளை நடுவதற்கு நான்கு ஆண்டுகள் இடைவெளி தருவது நல்லது.

கேள்வி: கொத்தமல்லி நான்கு இலை விடுவதற்குள் பூத்துவிடுகிறது. கறிவேப்பிலைக் கன்றை ஊரிலிருந்து கொண்டு வரலாமா?
— ஒரு வாசகி, டப்ளின்

பதில்: கறிவேப்பிலைக் கன்றைப் பெட்டியில் வைத்துக் கொண்டு வராதீர்கள். 2019 டிசம்பர் 14 முதல், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து வரும் எந்தச் செடிக்கும் விதைக்கும் தாவர நலச் சான்றிதழ் கட்டாயம். சட்டத்தைவிடப் பெரிய காரணமும் உண்டு: ஒரு கன்றோடு வரும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஓர் ஊரின் பயிரையே அழிக்கக்கூடும். கருகல் நோயும் கடல் கடந்துதான் இங்கே வந்தது. கன்றை இங்குள்ள விற்பனையாளரிடமே வாங்கி, வெயில் படும் சன்னலருகே வீட்டுக்குள் வளருங்கள். குளிர்காலத்தில் இலை உதிர்ந்தால் பதறி நீர் ஊற்ற வேண்டாம். அந்த மாதங்களில் மண் பெரும்பாலும் காய்ந்தே இருக்கட்டும்.

கொத்தமல்லி பூப்பதற்குக் காரணம் ஜூன் மாதத்தின் 17 மணி நேரப் பகல். ஆகஸ்ட் இறுதியில் நேரடியாகப் பாத்தியில் விதையுங்கள். நாற்றுவிட்டுப் பிடுங்கி நட்டால் வேர் அதிர்ந்து விரைவில் பூத்துவிடும். கோடையில் கீரை வேண்டுமென்றால் வெந்தயம் விதையுங்கள். மே மாதத்துக்குப் பிறகு அது திறந்த வெளியிலேயே நன்றாக வரும்.

கேள்வி: சமையலறைக் கழிவை மக்க வைத்தால் எலி வருமோ என்று அஞ்சிப் பைகளில் விற்கும் மண்ணையே வாங்குகிறேன். அது சரிதானா?
— ஒரு வாசகர், லிமரிக்

பதில்: பையின் மேல் ‘பீட் கலவாதது’ என்று குறிப்பிடப்படாவிட்டால் வாங்காதீர்கள். பீட் என்பது சதுப்பு நிலத்தில் பாசிகள் பல்லாயிரம் ஆண்டுகளாக மட்காமல் படிந்து உருவானது. ஓராண்டில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். அதைத் தோண்டினால் உள்ளே அடைபட்டிருந்த கரிமம் காற்றில் கலக்கிறது. அரசு நிறுவனமான ‘போர்ட் ந மோனா’ பீட் அகழ்வதை முற்றிலும் நிறுத்துவதாக 2021 ஜனவரியில் அறிவித்துவிட்டது. நாம் ஒரு பூந்தொட்டிக்காக அதை வாங்கிக்கொண்டிருப்பது முறையாகாது. மாற்றாக விற்கப்படும் தென்னை நார்க்கழிவு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலில் வருவது. நாற்றுத் தட்டுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

எலியைக் குறித்த அச்சம் நியாயமானது. தொட்டியின் அடியில் நெருக்கமான கம்பிவலை பதித்து, சோறு, இறைச்சி, பால் பொருட்களைச் சேர்க்காமல் இருந்தால் எலிக்கு அங்கே வேலையில்லை. சமைத்த மிச்சத்தை, உணவுக் கழிவுக்கென உள்ள பழுப்புத் தொட்டியில் போடுங்கள். காய்கறித் தோலின் அளவுக்குக் கிழித்த அட்டையும் காய்ந்த இலையும் கலந்து, மழை இறங்காதபடி மூடியிடுங்கள். நீங்கள் கடலோரம் போகும்போது, புயலுக்குப் பின் கரை ஒதுங்கிய பாசியில் ஒரு பை அள்ளிவந்தால் சாம்பல் சத்துக்கு வேறு உரம் தேவைப்படாது. பாறையில் உயிரோடு பற்றியிருக்கும் பாசியை அறுக்க வேண்டாம். ஆரன் தீவுகளில் வெறும் சுண்ணாம்புப் பாறையின் மேல் மணலையும் கடற்பாசியையும் மாறி மாறிக் கொட்டியே உழவர்கள் விளைமண்ணை உருவாக்கினார்கள்.

கேள்வி: ஆண்டுதோறும் விதை வாங்குவதைத் தவிர்க்க விரும்புகிறேன்.
— ஒரு வாசகி, கார்க்

பதில்: கிளேர் மாவட்டத்தின் ஸ்கேரிஃப் ஊரில் இயங்கும் ‘ஐரிஷ் சீட் சேவர்ஸ்’ அமைப்பு 1991 முதல் நாட்டு விதைகளைக் காத்து வருகிறது. முதல் விதையை அங்கே வாங்குங்கள். இந்தக் குளிருக்கும் மழைக்கும் பழகிய விதை அது. பட்டாணியிலிருந்து தொடங்குவது எளிது; பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் இரகம் கலப்பதில்லை. கேல், முட்டைக்கோஸ் போன்றவை ஒன்றோடொன்று கலந்துவிடும் என்பதால் இப்போதைக்கு அவற்றை விட்டுவிடுங்கள். திடமான சில பட்டாணிச் செடிகளைப் பறிக்காமல் விட்டு, காய் பழுத்து உள்ளே மணி குலுங்கும்போது செடியோடு பிடுங்கி, மழை படாத கொட்டகையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். நகம் பதியாத அளவுக்குக் காய்ந்தபின் காகித உறையில் இட்டு, இரகத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதி வையுங்கள்.