மகனின் பைக்கும் மாதா மாதம் வரும் பார்சலும்

கேள்வி: மகன் மவுண்டன் பைக் வாங்கினான். அதோடு முடியும் என்று பார்த்தால் மாதா மாதம் பார்சல் வருகிறது. வேகம் காட்டும் மீட்டர், புது ஹேண்டில், இருக்கையை ஏற்றி இறக்கும் தண்டு... ஓடுவதோ கல்லடிப் பாலம் தாண்டிக் கடற்கரை வரைதான். ஏன் இந்தப் பைத்தியம்? எதை வாங்க விடலாம்?
– ஒரு தாய், மட்டக்களப்பு

பதில்: பைத்தியம் என்று சொல்லிவிடாதீர்கள் அம்மா, இந்த விளையாட்டு பிறந்ததே அப்படித்தான். 1970களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் இளைஞர்கள் சிலர் பழைய தடித்த ரயர் சைக்கிள்களில் மலையிறங்கினார்கள். ஒரே இறக்கத்தில் பின்சில்லு பிரேக்கின் கிரீஸ் சூட்டில் எரிந்துவிடும். திரும்ப கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். கழற்றுவதும் மாற்றுவதும் அன்றே தொற்றிக்கொண்டது. கம்பனிகளும் அதில் நன்றாகவே குளிர்காய்கின்றன. சில்லு 26 அங்குலத்திலிருந்து 27.5, 29 என்று வளர, பழைய ரயர் புதுச் சில்லுக்குப் பொருந்தாமல் போனது.

உங்கள் மகனுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். இங்கே சுற்றிலும் சமதரை. குடும்பிமலைப் பக்கமோ பதுளைக்கோ போக லீவு வேண்டும். ஓட முடியாத ஆசை, ராத்திரியில் போனில் சாமான் பார்ப்பதில் தீருகிறது. அந்த இருக்கைத் தண்டு செங்குத்தான இறக்கத்துக்கென்று செய்தது; கல்லடியில் அதற்கு வேலையே இல்லை.

எங்கள் பக்கம் சைக்கிளுக்கு எதிரி உப்புக்காற்றும் மணலும்தான். கடற்கரை போய் வந்தால் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட வேண்டும். செயின் தேய்மானம் பார்க்கும் சின்னக் கருவியைத் தாராளமாக வாங்கட்டும். தேய்ந்த செயின் பல்சக்கரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். கருவி இல்லையா, இரும்பு அடிமட்டம் போதும். புதுச் செயினில் ஓர் ஆணியிலிருந்து அடுத்து வரும் 24ஆவது ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடிவிட்டால் செயினை மாற்றலாம்.

சில்லில் ஒல்லி வால்வு என்றால் பித்தளை அடாப்டர் ஒன்று பையில் இருக்கட்டும். கரடியனாற்றில் காற்றுப் போனால் மோட்டார் சைக்கிள் கடைப் பம்ப் அதில்லாமல் பொருந்தாது. டிஸ்க் பிரேக் எண்ணெய் வாங்கும்போது கவனம். ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஒயில்தான்; மோட்டார் சைக்கிள் பிரேக் எண்ணெயை ஊற்றினால் உள்ளே இருக்கும் சீல் கெட்டுவிடும்.

ஹெல்மெட்டை மட்டும் தடுக்காதீர்கள். பலமாக அடிபட்டதை, வெடிப்பு வெளியே தெரியாவிட்டாலும், மாற்றத்தான் வேண்டும். அதனால் செகண்ட் ஹேண்ட் ஹெல்மெட் வேண்டவே வேண்டாம்.